அடையாறு சுத்தமாக இருந்த நாட்கள்

அடையாற்றின் நாற்றம் எனக்குத் தெரிவதில்லை. பாலத்தைக் கடக்கும்போது பேருந்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். கழிவுநீரோடு பாதி ஆயுள் வேலை செய்தவனுக்கு அப்படித்தான் ஆகும்.

என் பெயர் கிருஷ்ணஸ்வாமி. வீட்டில் கிச்சா. தென்கரைக் குடிநீர் வடிகால் நிறுவனத்தில் செயற்பொறியாளர். ஆற்றோரக் கழிவுநீர் நிலையமும் அதைச் சுற்றியுள்ள தெருக்களின் குடிநீர்க் குழாய்களும் என் பொறுப்பு. என் உதவிப் பொறியாளர் நல்லசிவத்தை நீங்கள் இடைநீக்கம் செய்திருக்கிறீர்கள். அவர் நான் சொன்னதைச் செய்தவர். அதனால்தான் விசாரணைக்கு நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே வாக்குமூலம் கொடுக்க வந்தேன்.

நிலையத்தில் மூன்று பம்புகள். ஒன்று எப்போதும் பழுதில் இருக்கும். மற்ற இரண்டும் இழுக்க முடியாத கழிவுநீர் ஒரு ஷட்டர் வழியாக ஆற்றில் விழும். இரும்புக் கதவு. சக்கரத்தைச் சுற்றி இறக்க வேண்டும். யாராவது பார்வையிட வந்தால் ஷட்டரை இறக்குவோம். இது நான் ஏற்படுத்திய வழக்கமில்லை. நான் சேர்ந்தபோதே இருந்தது. பெரியவர்கள் காரை விட்டு அதிகம் இறங்கமாட்டார்கள். சீக்கிரம் போய்விடுவார்கள். உடனே ஷட்டரைத் தூக்கிவிடுவோம். யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

தொண்ணூற்றேழில் நாடாளுமன்றக் குழு வந்தது. நீர் நிறுவனங்கள் ஆறுகளை என்ன செய்கின்றன என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் தங்குவார்கள், ஆற்றங்கரைக்கு எந்த நேரத்திலும் வருவார்கள் என்று தலைமை அலுவலகம் எச்சரித்தது. குழு மோசமாக எழுதினால் புது நிலையம் கிடைக்காது. அது நான் வரைந்த திட்டம். அது வந்துவிட்டால் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவு விழாது. அந்த ஆற்றுக்கு நல்லது நினைத்த ஆள் நான் ஒருவன்தான் என்றுகூடச் சொல்லலாம். மூன்று நாளும் ஷட்டரை இறக்கியே வைக்கச் சொன்னேன்.

கழிவுநீர் மறைந்துபோகாது. ஆற்றுக்குப் போகாவிட்டால் குழாயில் பின்னோக்கி ஏறும். பள்ளமான இடத்தில் முதலில் தேங்கும். எங்கள் பகுதியில் பள்ளமான இடம் வேலாயுதம் தோட்டம். ஆற்றை ஒட்டிய குடிசைகள், சில ஓட்டு வீடுகள். அங்கே குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே போகிறது. இணைப்புகள் பழசு. காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுவோம். மற்ற நேரம் குழாய் காலி. காலிக் குழாய் வெளியே தேங்குவதை உள்ளே இழுத்துக்கொள்ளும். புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிறவன் நான். தெரியாது என்று சொல்லப்போவதில்லை.

முதல் நாள் குழு ஆற்றங்கரைக்கு வந்தது. ஆறு நன்றாக இருந்தது. ஒரு கொக்கு நின்றது. ஓர் உறுப்பினர் அதைப் புகைப்படம் எடுத்தார்.

இரண்டாம் நாள் காலை நல்லசிவம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தோட்டத்துத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்திருக்கிறார். குளோரின் துளிகூட இல்லை. வாடை வந்தது. அவர் திருநெல்வேலிக்காரர். பதறினால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“சார், குடிதண்ணியில கழிவு கலந்துட்டு. ஷட்டரத் தூக்கிருவோம். இல்லன்னா ஆட்டோல மைக்கக் கட்டி, யாரும் குடிக்காதீங்கன்னு சொல்லிருவோம்.”

“நாளைக்கு சாயங்காலம் குழு கிளம்பிடும். அப்புறம் ரெண்டையும் செய்யலாம்.”

“நாளைக்குக் காலைலயும் தண்ணி விடணும்லா சார்?”

“விடாட்டா தோட்டத்து ஜனம் குடத்தோட ரோட்டுல உக்காந்துடும். குழு அந்த வழியாத்தான் வரும்.”

அவர் கதவைத் திறந்துகொண்டு போனார். மறுநாள் காலையும் தண்ணீர் விட்டார்.

எங்கள் வீடு காந்தி நகரில். பாத்திரம் தேய்க்க வரும் சுந்தரவல்லி வேலாயுதம் தோட்டத்தில் இருக்கிறாள். புருஷன் இல்லை. ஒரே பெண், கீர்த்தி, ஏழாம் வகுப்பு. என் மகள் வர்ஷினியின் பழைய பாவாடைகள் அவளுக்குச் சரியாக இருக்கும். அன்று நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். சுந்தரவல்லி கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் குழாயிலிருந்து ஒரு குடம் எடுத்துப் போகச் சொன்னேன். நாளைக்கும் எடுத்துக்கொள் என்றேன்.

“இன்னாத்துக்கு சார்? எங்க தெருவுலயே கொழா கீதே.”

“அது பாலவாக்கம் பக்கத்துக் கிணத்துத் தண்ணி. கரிக்கும். இது ஏரித் தண்ணி.”

“அத்த சொல்லு. எங்குளுத வாய்ல வெக்க முடியாது சார்.” அவள் சிரித்தாள். “பக்கத்து வூட்டு ஹமீதுன்னிசா அக்காவுக்கும் ஒரு கொடம் எடுத்துக்கவா? ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு கீது.”

“வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதே. அப்புறம் தோட்டமே இங்க வந்து நிக்கும்.”

அவள் தலையாட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். என் மனைவி ஜலஜா சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்னா, திடீர்னு என்ன தர்மம்? நேத்து வரைக்கும் அவ குழாயைத் திறந்துண்டு நின்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பேளே.”

நம்மாத்துக் குழாய்லதான் தண்ணி நிறைய வரதே என்று சொல்லி வைத்தேன்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தத் தண்ணீரைக் குடிக்க நான் விடவில்லை.

மூன்றாம் நாள் விருந்தினர் மாளிகையில் விசாரணை. குழுவில் தமிழ் தெரிந்தவர் இனாயத் ஒருவர்தான். வயதானவர். அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் என்னிடம் தமிழில் கேட்டார்.

“ஓடுறது ரெண்டு பம்பு. ஆத்துலயும் விழல. அப்ப மிச்சம் எங்கப்பா போவுது?”

என் மேலதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருந்தால் அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஷட்டரைத் தூக்கியிருப்பார்கள். ஆட்டோ போயிருக்கும். அந்த நேரத்தில் கீர்த்தி இன்னும் நோயில்லாமல் பள்ளிக்கூடத்தில்தான் இருந்திருப்பாள்.

“இந்தப் பக்கத்து ஜனங்க தண்ணிய சிக்கனமா செலவு பண்றாங்க சார். அதனால கழிவும் கம்மி.”

“டெல்லிக்காரங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பியதும் ஷட்டரைத் தூக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் ஆட்டோ போயிற்று. அதற்குள் தோட்டத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டன. ஹமீதுன்னிசாவின் இரண்டு குழந்தைகளும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இறந்தவர்களாக உங்களிடம் இருக்கும் பெயர்கள் சரியானவைதான். எதையும் நான் மறுக்கவில்லை. ஒரு பெயர்தான் முதலில் எனக்குப் புரியவில்லை. கீர்த்தி அதில் எப்படி வந்தாள் என்று.

நானும் ஜலஜாவும் துக்கம் கேட்கப் போனோம். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. சுந்தரவல்லி எங்களுக்குப் பாய் விரித்தாள். உட்காரச் சொன்னாள். பிறகு ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“உங்கூட்டு தண்ணில பருப்பு இன்னாமா வெந்துச்சு தெர்யுமாமா. பூவாட்டம். சோறு வெள்ளையா, மல்லி கணக்கா இருந்துச்சு. ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னுச்சும்மா எம் பொண்ணு.”

“குடிக்க?” என்று நான் கேட்டேன்.

“குடிக்க எங்க தெரு தண்ணிதான் சார். அவ்ளோ நல்ல தண்ணிய சும்மா குடிச்சுத் தீக்க மனசு வர்ல.”

இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கரிக்கும் தண்ணீரில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகிவிடும். நல்ல தண்ணீர் கிடைத்தால் அது உலைக்கு. தட்டுப்பாட்டு நாட்களில் ஜலஜாவும் அதைத்தான் செய்வாள். நல்ல தண்ணீர் அடுப்பில் கொதித்தது. கெட்ட தண்ணீர் அப்படியே வாய்க்குப் போயிற்று. இதை நான் யோசித்திருக்க வேண்டும். என் பக்கம் நடந்த தவறு என்றால் இதைச் சொல்வேன்.

மற்றபடி ஷட்டரை இறக்கச் சொன்னது நான். அறிவிப்பைத் தடுத்தது நான். தண்ணீரை விடச் சொன்னது நான். குழுவிடம் பொய் சொன்னதும் நான். குழு தன் அறிக்கையில் எங்கள் நிலையத்தைப் பாராட்டியிருக்கிறது. நல்லசிவத்தை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலம் சுந்தரவல்லியின் காதுக்குப் போக வேண்டாம். அவள் இன்னும் எங்கள் வீட்டுக்குத்தான் வேலைக்கு வருகிறாள். அந்தத் தண்ணீரை எதற்காகக் கொடுத்தேன் என்று தெரிந்தால், கீர்த்தியைக் காப்பாற்றியிருக்கும் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காமல் உலையில் ஊற்றியது தான்தான் என்பதும் தெரிந்துவிடும். பெற்ற பெண்ணைத் தன் கையாலேயே கொன்றதாக நினைப்பாள். இத்தனை மாதமாக அந்தப் பழியிலிருந்து அவளைக் காப்பாற்றி வருகிறவன் நான்.