பதினான்கு எழுத்தில் ஒரு சண்டை

காவிரியின் இரு கரைகளிலிருந்தும் சொல்லுக்காகவே கூடிவந்திருக்கும் சுவைஞர்களே, முதல் வரிசையை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட பெரியோர்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பார்த்து அமர்ந்த விவரமான தாய்மார்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, என் கணவரோடு முப்பது ஆண்டுகள் மோதியும் முறியாத நட்புக்கு உரியவரும் இந்த அவையின் தலைவருமான ஐயா பிலோமின்ராஜ் அவர்களே, உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஆங்கிலச் சொல்விளையாட்டு மன்றத்தின் ஆண்டுவிழா. அதில் ஹாஜிரா என்ற தமிழாசிரியைக்கு என்ன வேலை? நானும் அதைத்தான் கேட்டேன். "நடந்ததை அப்படியே சொல்லுங்கம்மா, போதும்" என்றார் தலைவர். சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ஜமீல் மூன்றாவது வரிசையில் நீலச் சட்டையில் அமர்ந்திருக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பாதீர்கள், கூச்சப்படுவார். அவரும் நம் தலைவரும் திருச்சியில் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்களாக இருந்தவர்கள். மதிய உணவு முடிந்ததும் ஒருவர் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சொல்வார். அந்த மூன்றும் அடங்கிய மிக நீளமான சொல்லை மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். வரிசை மாறலாம். ஆனால் அகராதியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் என் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "செல்லாது" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு அலுவலகமே அஞ்சியது. எனக்கு மட்டும் எரிச்சல் வரும். வீட்டில் ஒரு தமிழாசிரியையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எவருடைய மொழியிலோ எழுத்து எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று.

அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, ஒரு காலைப் பொழுதில், தேநீர்க் கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். வலக்கை வலுவிழந்தது. பேச்சு போயிற்று.

தில்லை நகரில் ஜெஸ்லின் என்ற பேச்சுப் பயிற்சியாளர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். "சாருக்கு எல்லாம் புரியுதுங்க. வார்த்தையெல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு. வாய்க்கு வர்ற வழிதான் அடைச்சிருக்கு. எவ்வளவு நாளாகும்னு என்னால சொல்ல முடியாது."

உள்ளே சொல் இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. இதைவிடக் கொடுமை ஒரு சொற்பிரியருக்கு உண்டா? வீட்டுக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "அவருக்குப் புரியுதா?" என்று கேட்டார்கள். அவர் வாயசைத்தால், அரை நொடி பொறுக்காமல் நானே, "தண்ணியா? காத்தாடி போடவா?" என்று முடித்துவைத்தேன். அன்பு என்று நினைத்து அவருடைய முறையை நான் பறித்தேன். மூன்றாம் மாதம் அவர் முயல்வதையே நிறுத்திவிட்டார். பயிற்சிக்கு அழைத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அப்போதுதான் நம் தலைவர் வந்தார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. ஆப்பிள், ஆரஞ்சு எதுவும் கொண்டுவரவில்லை. அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன் ஐயா. ஒரு தாளில் மூன்று எழுத்துகளை எழுதிக் கட்டிலில் வைத்துவிட்டு, "உன் முறை" என்றார். அமர்ந்தார். கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தவித்தேன். பிறகு, சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பியது. இடக்கை பென்சிலைத் தேடியது. கோணல்மாணலாக ஒரு சொல் எழுதினார். ஒன்பது எழுத்து.

தலைவர் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மற்ற ஆறு நாள் யார் விளையாடுவது? நான்தான். முப்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணம் நடத்தியவள், முழங்காலில் ஆங்கில அகராதியை விரித்தேன். மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே எழுத்து எண்ணினேன். பாலக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைப் பலகைகளில் நீளச் சொல் தேடினேன். தேடித் தேடித் தோற்றேன். தோற்றுத் தோற்றுத் தேடினேன். நாள்தோறும் அவரே வென்றார். ஆனால் வாய் திறக்கவில்லை. வென்ற தாளை என் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான்.

ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைய எழுத்துகள் ஜே, எம், எல். ஜமீல் என்ற பெயருக்குள்ளேயே இருக்கும் எழுத்துகள். அவர் பத்து எழுத்தில் ஜர்னலிசம் என்று எழுதித் தள்ளினார். எனக்கு ரோஷம் வந்தது. பார்த்தேன். தமிழில் நாம் என்ன செய்கிறோம்? 'போக' என்ற இரண்டெழுத்தை, 'போகவேண்டியிருந்ததால்தானே' என்று ஒரு முழம் நீட்டுகிறோமா இல்லையா? யாராவது வழக்குத் தொடுத்தார்களா? அதே துணிச்சலில் அவர் சொல்லின் வாலில் ஆங்கிலத்தில் நாலெழுத்தாகும் 'னஸ்' ஒன்றை ஒட்டினேன். ஜர்னலிசம்னஸ். பதினான்கு எழுத்து. தாளைத் திருப்பித் தள்ளினேன்.

அவர் தலையசைத்து மறுத்தார்.

"ஏன்? கைண்ட்னஸ் இருக்கு, டார்க்னஸ் இருக்கு. இது மட்டும் ஏன் இருக்கக் கூடாது? நான் ஜெயிச்சிட்டேன்" என்றேன்.

அகராதியைத் தட்டிக் காட்டினார். நான் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது. அவருக்காக முடித்துவைக்க, சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"செ... செல்... லாது."

நீங்கள் இப்போது கைதட்டுகிறீர்கள். நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? கட்டிப்பிடித்து அழவில்லை. அழுகை வந்தது, அதை விழுங்கினேன். நான் பணிந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் அல்லவா?

"செல்லும்" என்றேன்.

"செல்லாது."

"செல்லும்ங்க."

"செல்லாது... ஹாஜிரா."

என் பெயர். ஏழு மாதம் கழித்து என் பெயர். அரை மணி நேரம் வாதாடினேன். அவர் குரல் உடைந்து, உரசி, உருண்டு, ஒவ்வொரு மறுப்பிலும் கொஞ்சம் தெளிந்தது. என் வாழ்நாளில் அன்று தோற்றதுபோல் நான் மகிழ்ச்சியாகத் தோற்றதில்லை. பிறகு அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஆசை தீர அழுதேன்.

அவையோரே, பேச்சை எது மீட்டது? மருந்தா? பயிற்சியா? ஜெஸ்லினைக் கேட்டால், "எல்லாம் சேர்ந்துதாங்க" என்பார். அது சரி. ஆனால் ஒன்று சொல்வேன். நாங்கள் அவரை நோயாளியாகப் பார்த்தபோது அவர் ஊமையானார். எதிராளியாக மதித்தபோது எழுந்து உட்கார்ந்தார். இரக்கப்பட்டவர்கள் அவருக்காகப் பேசினார்கள். விளையாட வந்தவரோ அவருக்காகக் காத்திருந்தார். நம் வீடுகளில் சொல் தாமதமாக வரும் மனிதர் எத்தனை பேர்? அவர்களுக்கு நாம் கொடுப்பது எத்தனை நொடி?

போன வாரம் தில்லை நகருக்குப் போயிருந்தோம். வையம்பட்டியிலிருந்து பூவரசன் என்ற லாரி ஓட்டுநர் பயிற்சிக்கு வந்திருந்தார். நாற்பது வயது. அதே பக்கவாதம், அதே ஊமை முகம். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு தாளில் மூன்று எழுத்துகளை எழுதினார். தமிழ் எழுத்துகள். வாழ்க்கையில் முதன்முறையாக. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூவரசனின் மனைவி பொறுக்காமல் ஒரு சொல்லைச் சொல்ல வாயெடுத்தார். என் கணவர் கை உயர்த்தித் தடுத்தார். பிறகு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, பூவரசனிடம் சொன்னார்:

"அவசரமில்லைங்க. நீங்க... யோசிங்க. நான்... இங்கதான் இருக்கேன்."

இதைச் சொல்லத்தான் வந்தேன். செவி கொடுத்த அவைக்கும், நேரம் கொடுத்த தலைவருக்கும், என் கணவருக்கு முறை கொடுத்த ஒவ்வொருவருக்கும் இந்தத் தமிழாசிரியையின் நன்றி. நலமாகப் போய்ச் சேருங்கள். ஸலாம், வணக்கம்.