பட்லர் மேல் சந்தேகம்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க ஸ்டேஷனில் ரயிலேறிய இருவரில் ஒருவர் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரையின் துப்பாக்கியைத் துடைக்கிறவர். என்னை ஒருமுறை முறைத்துவிட்டு கூட வந்த மச்சானிடம் கிசுகிசுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பட்லர்தான் வெடிமருந்துல மண்ணைக் கலந்துட்டான். ஆயுத பூஜையிலேர்ந்து துரை சுடுறது ஒண்ணும் குறிப் பலகையில படல.”

“நீ குழலை ஒழுங்கா துடைக்கிறியா?”

“இன்னா மச்சான், ஒவ்வொரு வெடிக்கும் துடைக்கிறேன்.”

“துணியில எச்சி துப்பித்தானே?”

“முன்னே அப்படித்தான். இப்ப பூஜை போட்டு பொட்டு வெச்ச துப்பாக்கியாச்சே, எச்சி படலாமா? வெறும் துணிதான்.”

“அடப்பாவி! ஈரமில்லாம மருந்துக் கரி எப்படிப் போவும்? உள்ள கரி ஏறினா குண்டு கோணலாத்தான் போவும். தண்ணியாவது தொட்டிருக்கலாமே!”

துப்பாக்கி துடைக்கிறவரின் குரல் இறங்கிவிட்டது.

“பட்லரைத் துரை நேத்தே துரத்திட்டாரு, மச்சான். நான் சொல்லித்தான்.”