தொட்டாற்சிணுங்கிக்காக மூச்சடக்கிய ஊர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் சத்தியசீலன் அவர்களே! நரை கண்டும் நகைச்சுவை குன்றாத பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் கைப்பேசியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! தலை தாழ்ந்த வணக்கம்!

பங்குனியில் ஒரு மழை. ஒரே மழை! வறண்டு கிடந்த நம் ஊர் சுங்கை லாலாங்கில் வாய்க்கால் ஓரம் பூ, வண்டிப் பாதையில் பூ, ரப்பர் மரத்தின் காலடியிலும் பூ! நட்டவர் யார்? நீர் விட்டவர் யார்? ஒருவருமில்லை! அந்தக் காட்டுப்பூக்களுக்காகத்தான் நம் புகைப்படக் கழகம் போட்டி வைத்தது.

பக்கத்திலே பீடோங்கில் மளிகைக்கடை நடத்தும் இராசாத்தி அக்கா கேமராவோடு கிளம்பினார். அவர் கண் வைத்தது தொட்டாற்சிணுங்கி மீது. பூ சிரிக்க வேண்டும், இலையும் விரிந்திருக்க வேண்டும். நடக்குமா? அக்கா நெருங்கினால் சேலை உரசும், இலை சுருங்கும்! மறுநாளோ அங்கே புல் வெட்டப் போகிறார்கள். அக்கா என்ன செய்தார்? குப்புறப் படுத்தார். கட்டையாய்க் கிடந்தார்.

மோட்டாரில் வந்த பழனியாண்டி அண்ணன் பார்த்துவிட்டார். "ஐயோ, அக்கா விழுந்துட்டாங்க! அம்புலன்ஸ கூப்பிடுங்க லா!"

ஊரே ஓடி வந்தது. அம்புலன்ஸும் வந்தது. இலைகள் அத்தனையும் சுருண்டன!

"எனக்கு ஒண்ணும் இல்ல லா! யாரும் அசையாதீங்க, இல விரியணும்!" என்று படுத்தபடியே சீறினார் அக்கா.

அம்புலன்ஸில் வந்த தாதி மோகனா, "அப்ப நாங்க என்னக்கா செய்றது?" என்றார்.

"மூச்ச பிடிச்சிக்கிட்டு நில்லும்மா!"

நின்றார்கள் ஐயா, நின்றார்கள்! சிரிக்காதீர்கள், முன்வரிசையில் இருக்கும் நீங்களும்தானே நின்றீர்கள்! வெயில் சுட்டது, கொசு கடித்தது, ஒருவரும் அசையவில்லை. ஓர் இலை விரிந்தது. மறு இலை விரிந்தது. அக்கா பொத்தானை அழுத்தினார். அதே நொடியில் பழனியாண்டி அண்ணன் போட்டாரே ஒரு தும்மல்! இலைகள் மீண்டும் மூடின. அக்கா தலையில் கை வைத்தார்.

ஆனால் படம்? முன்னே விரிந்த இலையும் மலர்ந்த பூவும். பின்னே கன்னம் உப்பிய ஊர். நடுவில் திறந்த வாயோடு அண்ணன்! அதற்கே முதல் பரிசு!

அன்பர்களே! சாலையில் ஒரு நிமிடம் பொறுக்காதவர்கள் நாம், சாப்பாட்டு வரிசையில் முண்டுகிறவர்கள் நாம். யாரும் மதிக்காத புதரில் ஓர் இலை விரிய, ஊரே ஒன்றாய் மூச்சடக்கி நின்றோமே! அந்தப் பொறுமை நம்மிடம் இருக்கிறது. இதோ, படமே சாட்சி!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. இப்போது மூச்சு விடலாம். வணக்கம்!