வெயில் கிடக்கு, கரண்டு இல்ல

— ஏணியில கால் வைக்காண்டாம் கிருஷ்ணமணி சாரே. கரண்டாபீசு ஆளுன்னாலும் கோயில் மாடிக்கு விட மாட்டேன்.

— பிள்ளே பிரிஜா, நான் சண்டைக்கு வரல்ல. சோலார் பேனல்ல நீ ஒயரை மாத்திட்டேன்னு உங்க கோயில் செயலாளர்தான் போன் செஞ்சாரு. கழட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான்.

— அவரு வீட்டுல யாரும் கடலுல இல்ல சாரே. புயலடிச்சு நாலு நாளாச்சு, சாஞ்ச போஸ்டு ஒண்ணை நிமித்த வந்தியளா? இதைக் கழட்ட மட்டும் பிளையரும் கையுமா வந்திட்டிய.

— லைன்ல கரண்டு போனா சோலாரும் தன்னால நிக்கும். அதை அப்படித்தான் செஞ்சிருக்கு. நீ விடுத கரண்டு லைன்ல ஏறிச்சுன்னா, போஸ்டு மேல நிக்க என் ஆளு செத்துப்போவான்.

— இதைத் திறப்பு விழா அன்னைக்குல்லா சொல்லணும்? இனி புயலுக்குப் பயமில்லன்னு கைதட்டி, கோயில் ஜெனரேட்டரை வித்துப்போட்டோம். இப்பம் வெயிலு கொளுத்துது, பேனலு கருவாடு மாதிரி சும்மா காயுது.

— அதுக்கு நீயே கை வச்சிருவியா?

— ஐடிஐ படிச்சவ நான். ஒத்தப் பேனலைத் தனியாப் பிரிச்சு, மீன்பிடி வள்ளத்து பேட்டரியில கொடுத்திருக்கேன். உங்க லைனுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மாடியிலேருந்து வார ஒயரும் பேட்டரியும் ஏணிக்குக் கீழ இந்த ரூம்ல தான் இருக்கு. கண்ணால பாருங்க, தொடாண்டாம்.

— ம்... பிரிச்சுத்தான் வச்சிருக்கே. ஆனாலும் சட்டம்னு ஒண்ணு உண்டுல்லா. கோயில் கனெக்சனையே வெட்டிருவாங்க.

— வெட்டட்டும். நாலு நாளா இல்லாத கரண்டை எங்கேருந்து வெட்டுவிய?

— அப்படி என்னத்தைத்தான் ஓட்டுதே இதுல? டிவியா?

— வயர்லெஸ்ஸு. எங்க அண்ணன் டெல்வின் வள்ளத்துல ஆறு பேரு. புயலுக்கு முன்னே கடலுக்குப் போனவங்க, எஞ்சின் நின்னு நடுக்கடலுல கிடக்காங்க. அவன் பேட்டரியை மிச்சம் பிடிச்சு ஒரு நாளைக்கு ஒருக்கா தான் பேசுவான். தேடப் போன வள்ளங்களுக்கு அவன் கிடக்க இடத்தைச் சொல்ல, கரையில உசிரோட இருக்கது இந்த ஒரு செட்டு. இதை அணைக்கணும்னா என்னை மிதிச்சுட்டுத்தான் போகணும்.

— ...கரையில ஆளு உண்டா... டெல்வின் பேசுதேன்... ஆறு பேரும் உண்டு... குடிக்க வெள்ளம் தீந்துபோச்சு... மண்டைக்காட்டுக்கு நேரே தெக்க...

— அண்ணா, பிரிஜா பேசுதேன். தெக்க எவ்வளவு தூரம்? அண்ணா? ... சாரே, செட்டு அணைஞ்சு போச்சு. ஒயரு எங்கேயோ விட்டிருக்கு.

— தள்ளு பிரிஜா மக்களே. பிளையரு என் கையில தானே இருக்கு.