பதிவேட்டில் எல்லோரும் நலம்

சாயங்காலம் ஆறே முக்கால். புறவழிச் சாலை. கடை இல்லை, விளக்கு இல்லை... என் சிநேகிதனோட அக்கா மட்டும் தனியா நடந்து வர்றா. சிரிக்காதீங்கடா, நெருங்கி உட்காருங்க.

அக்காவுக்கு ஒரு ஸ்டெம் செல் மையத்துல வேலை. வாசல் பலகையில டாக்டர் பேருக்குப் பின்னால பட்டங்கள் கூட்ஸ் வண்டி மாதிரி நீளும். சிறுநீரகமோ நடுக்கமோ, எந்தத் தீராத வியாதிக்கும் ஒரே ஊசி. "உங்க உடம்புலேர்ந்து எடுத்து உங்களுக்கே போடறோம், இதுல என்ன ஆபத்து?"ம்பார் டாக்டர். ஆராய்ச்சியா? அது அக்காவோட போன்தான். ஊசி போட்டவங்களை ஆறாவது வாரம் கூப்பிட்டு விசாரிக்கணும். யாரும் எடுக்கலைன்னா "நலம்"னு எழுதணும். குணமானவன் வேலைக்குப் போயிருப்பானாம்!

மறுநாள் அவ புருஷனோட சிறுநீரகத்துக்கு அதே ஊசி. அதுக்கு முன்னாடி ஊசி போட்ட ஒருத்தரையாவது விசாரிச்சுடணும்னு அக்காவுக்குப் பட்டுது. போன் எடுக்காமலே "நலம்" ஆன ஒரு தையல்காரர், கைநடுக்கக்காரர். நடந்துக்கிட்டே அவரை மறுபடி கூப்பிட்டா.

எடுத்தார்.

பின்னால தையல் மெஷின் சத்தம்... டக டக டக. "நல்லா இருக்கேம்மா."

அக்காவுக்குப் போன உயிர் வந்தது. அடுத்த திருப்பத்துல அவர் வீடு. நேர்லயே பார்த்துடலாம்னு போனா.

கதவைத் திறந்தது அவர் மனைவி. ஊசி மையத்துலேர்ந்து வர்றேன்னு அக்கா சொன்னா. "அவரா? ஊசி போட்ட பத்தாம் நாளே போயிட்டாரும்மா. முதுகெல்லாம் சீழ். உங்க டாக்டர் போனையே எடுக்கல."

மெஷின் மேல போர்வை. அவரோட போன் அலமாரியில, சார்ஜ் இல்லாம... ஆனா புது மெஷின் எண்ணெய் வாசனை மட்டும் குப்புனு அடிச்சுது.

அக்கா வாசல்லயே டாக்டரைக் கூப்பிட்டா. "சார், செத்தவர் பேசினார் சார்!"

ஆள் அசரல. "என்ன சொன்னார்?"

"நல்லா இருக்கேன்னு..."

"அப்புறம் என்ன? அப்படியே எழுதிக்கோ."

அடப்பாவி! பேயைக்கூட விடல, சாட்சிக்குச் சேர்த்துக்கிட்டான். இந்த மாதிரி ஆளுங்ககிட்ட மட்டும் பேய் ஏன் போகமாட்டேங்குதுன்னு எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

போனை வைக்கறதுக்கு முன்னாடி டாக்டர் சொன்னார்: "உன் வீட்டுக்காரருக்கு மத்தியானமே வரச் சொல்லி ஊசி போட்டாச்சும்மா. நாளைக்கு எனக்கு மாநாடு. நோயாளி பாதுகாப்பு பத்திப் பேசறேன்."

மூணு நாள் கழிச்சு நாங்க நாலு பேர் அக்கா புருஷனைப் பார்க்கப் போனோம். கட்டில்ல உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கேன்"னார். டீ குடிக்கறீங்களா மாமா? "நல்லா இருக்கேன்." ஜன்னலைச் சாத்தட்டுமா? "நல்லா இருக்கேன்."

அறை பூரா கொசு. நாங்க நாலு பேரும் பட்டுபட்டுன்னு அடிச்சுக்கிட்டே இருந்தோம்...

அவர் மேல ஒண்ணுகூட உட்காரல.