நடுவில் நின்று குழை வாங்கியவர்

பொழுது பட்டும் படாத நேரம். கையில் இருப்பது பச்சைக் கொடியா சிவப்புக் கொடியா என்று கண் தடுமாறுகிற நேரம். இரண்டு பக்கமும் காடு… நடுவே ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய, சிவத்த கிரவல் மண் றோட்டு. அதன் மேற்கு முனையில் கனிசியஸ் தனியாக நின்றார்.

வேறு யாருமில்லை, நம்முடைய சுபாசின் தாய்மாமன்தான். குருநகர் ஆள். சுபாஸ் அந்தா சீமெந்துப் பையில் சாய்ந்து இருக்கிறான். கதையில் கூடக் குறைய வந்தால் அவனே மறிப்பான்.

வடமராட்சி கிழக்கில், கடலோர ஊர் ஒன்றுக்குப் போகிற காட்டு றோட்டு அது. போன புயலில் மரங்கள் குறுக்கே விழுந்து, நடுவில் இருந்த மதகையும் வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஊருக்குப் போக வள்ளம்தான். பிறகு அரசாங்கம் கொந்தராத்து விட்டது. மரம் வெட்டி, பள்ளம் நிரப்பி, கிரவல் பரவுகிற வேலை. கனிசியசுக்கு அதில் கொடி பிடிக்கிற வேலை.

கடற்தொழில் செய்கிற மனிசன் காட்டில் வந்து ஏன் கொடி பிடிக்க வேண்டும்? மகள் லவீனாவுக்காகத்தான். அந்த ஊரில் கலியாணம் முடித்தவள். முதற் பிள்ளையைப் பேறுகாலத்தில் பறிகொடுத்தவள். இந்த முறை டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வள்ளத்தில் ஏறக்கூடாது, குலுங்கக்கூடாது, நோக் காணுமுன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். தாய் சின்னத்தங்கம் புயலுக்கு முன்னரே அங்கே போய் மகளோடு நின்றாள். இருவரும் றோட்டுத் திறக்கும்வரை காத்திருந்தார்கள். கனிசியஸ் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, மகள் வரும் பாதையில் வந்து நின்றுகொண்டார்.

கிழக்கு முனையில் கொடி பிடித்தவர் செல்வரட்ணம். கொக்குவில்காரர். இடையில் ஒரு வளைவு. ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. போனுக்குக் கவரேஜ் இல்லை. இரண்டு பக்கத்தாலும் வாகனம் விட்டால் நடுவில் முட்டிக்கொள்ளும், திருப்ப இடமில்லை. செல்வரட்ணம் தண்டவாளக் கரையில் வளர்ந்த மனிதர். ஸ்டேசன் மாஸ்டர் நீட்டுகிற வளையத்தை டிரைவர் கையில் வாங்காமல் ரயில் அடுத்த பாதைத் துண்டுக்குள் போகாது என்று கண்டவர். அவர்தான் வழி சொன்னார்.

"கனிசியஸ், ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு குழை வைப்பம். நான் விடுற கடைசி வாகனத்திட்டை அதைக் குடுத்து விடுவன். அது உம்மட்டை வந்து சேந்தால் பாதை வெறும். பிறகு நீர் விடும். கடைசி வாகனத்திட்டைக் குழையைத் தந்து விடும்."

"குழை வராட்டி?"

"வராட்டி உள்ளுக்கை ஆரோ நிக்கினம். விடப்படாது."

வேலியில் முறித்த பூவரசங்குழை ஒன்று. இலையோடு ஒரு கை நீளம். மதகடிப் பள்ளத்துக்குள் குலுங்கிக் குலுங்கி இறங்கி ஏறிய வேலை வாகனங்களோடு அது அங்கும் இங்கும் போய் வந்தது. வாடினால் புதுசு. ஒரு பிரச்சினையும் இல்லை…

மதகடிக்கு வேலை வரும்வரை.

மதகடியில் ஒரு பெரிய பாலைமரம் விழுந்து கிடந்தது. வேரோடு புரண்ட மரம். அதன் அடியில் ஒரு கல். உருவம் கிடையாது, வெறும் கருங்கல். காட்டுக்குள் போகிறவர்கள் பக்கத்தில் ஒரு குழை முறித்து அந்தக் கல்லடியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். சைவக்காரர், வேதக்காரர் என்றில்லை. தேனெடுக்கப் போகிறவரும் போடுவார், மீன்பெட்டியோடு போகிறவரும் போடுவார். ஐயனாரா, பிள்ளையாரா, வழியில் செத்துப்போன காவற்காரனா… யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

சைற்றுக்குப் பொறுப்பாக இருந்த கஜீபன், மரத்தையும் கல்லையும் சேர்த்துப் பள்ளத்துக்குள் தள்ளச் சொன்னான். கிரவல் லோடு மிச்சம் பிடிக்கலாம் அல்லவா? பெக்கோக்காரன் மண் தள்ளுகிற தன் மெஷினை நிற்பாட்டிவிட்டு இறங்கி நின்றான். தன்னால் ஏலாது என்றான். றோட்டு மறித்திருந்ததால் கொடிக்காரர் இருவரும் அங்கேதான் வந்து நின்றார்கள்; செல்வரட்ணமும் குறுக்கே போனார்.

"தம்பி, மரத்தை வெட்டு. கல்லைத் தூக்கிக் கரையிலை வை. இந்த வழியாலை போறதெண்டு அதுக்குத்தான் சொல்லிப்போட்டுப் போறது."

"அண்ணை, கல்லுக்கு நாலு பேர் வேணும், மரத்துக்கு ரெண்டு நாள் வேணும். நாள் தள்ளிப் போனால் ஆர் பதில் சொல்லுறது?"

ரெண்டு நாள் என்றதும் கனிசியசுக்குச் சுருக்கென்றது. லவீனாவின் வயிறு கீழே இறங்கிவிட்டது என்று முதல்நாள்தான் ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"தள்ளு தம்பி," என்றார் பெக்கோக்காரனிடம். "கல்லும் மரமும் போகட்டும். என்ரை பிள்ளை குலுங்காமல் வரவேணும். பாவம் வந்தால் எனக்கு வரட்டும்."

சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியைத் தன் கையாலேயே தூக்கிக் காட்டினார்.

பெக்கோ உறுமியது. மரம் உருண்டது. கல் போனபோது பெரிய சத்தம் இல்லை… சேற்றுக்குள் 'களக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேலே கிரவல் கொட்டி, றோலர் ஏறி இறங்கியது. பின்னேரம் பார்த்தால் கொத்திப் புரட்டிய வேரின் மணம் மட்டும் மிச்சம்.

அடுத்தநாள் தொடங்கியது.

கிழக்கிலிருந்து கடைசியாக விட்ட கிரவல் ரிப்பர் மேற்கு முனைக்கு வந்தது. குழை இல்லை.

"எங்கை அண்ணை குழை?"

"குடுத்திட்டனே!"

"ஆரிட்டை?"

"நடுவிலை நிக்கிறவரிட்டை. கையை நீட்டினார், குடுத்தன். புதுசா ஆள் போட்டிருக்கினமோ?"

நடுவில் யாரும் இல்லை. கனிசியஸ் பகிடி என்று நினைத்தார். அடுத்த தடவை கடைசியாக வந்தது ஒரு லொறி. அதுவும் அப்படியே சொன்னது. பிறகு பால்வானும். "கொடியோடை நிக்கிறார்… ஆளின்ரை முகம் வடிவாத் தெரியேல்லை, தலையிலை சுத்தின துவாய்." குழை வராவிட்டால் பாதை திறக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒருவர் நடந்துபோய்ப் புதுக் குழை கொடுத்துவர வேண்டியிருந்தது. கஜீபன் கத்தினான். "கிழட்டுக் கொடிக்காரர் ரெண்டு பேரும் தங்களுக்கை விளையாடினம்!"

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கனிசியஸ் தனியாக மதகடிக்கு நடந்து போனார். காற்று இல்லை. குருவிச் சத்தமும் இல்லை. றோலர் உருட்டிக் கல்லுப்போல இறுக்கின கிரவலில், முன்பு அந்தக் கல் இருந்த இடத்துக்கு நேரே மேலே… பூவரசங்குழைகள் நட்டபடி நின்றன. வரிசையாக. காலையில் காணாமற்போன அத்தனையும்.

ஒன்றைப் பிடுங்கினார். இலகுவில் வரவில்லை. இழுத்தெடுத்துப் பார்த்தால் அடியில் வேர்… வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு.

ஒரு பொழுதில் எந்தக் குழை வேர் விடும்?

அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலை நின்றுவிடும். மிச்சப் பள்ளங்களும் நிரம்பாவிட்டால் லவீனா குலுங்காமல் வர முடியாது. பிடுங்கின குழையைத் திருப்பி அதே குழிக்குள் செருகிவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

இனி, முதலில் சொன்ன அந்தப் பின்னேரம்.

ரிப்பர்கள் எல்லாம் போய்விட்டன. கஜீபனும் போய்விட்டான். பிறகு கிழக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மீன் வியாபாரி வந்தார். காலை ஊன்றாமலே சொன்னார்.

"கனிசியண்ணை, உங்கடை மோளுக்கு நோக் கண்டிட்டுதாம். ஓட்டோவிலை ஏத்தியாச்சு. எனக்குப் பின்னாலைதான் வருகினம்."

"குழை?"

"அவையிட்டைத்தான் செல்வரட்ணம் அண்ணை குடுத்தவர். அவைதான் கடைசி."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. கனிசியஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கியது. வளைவுக்கு அங்கால் ஓட்டோச் சத்தம் கேட்டது. டுக்… டுக்… டுக்… கிட்ட வந்தது. இப்போது மதகடிக்கு வந்திருக்கும் என்று அவர் மனதுக்குள் சொன்னார்.

சத்தம் நின்றது.

எஞ்சின் இல்லை. கோர்ண் இல்லை. ஒரு மனிசக் குரலும் இல்லை. காட்டுக்குள் எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல… சர்… சர்… இலைகள் நிலத்தில் உரசுகிற சத்தம். புரட்டின வேரின் மணம் குப்பென்று வந்தது.

ஓடப் பார்த்தார். கால் எழும்பவில்லை. கிரவலில் புதைத்ததுபோல நின்றது. அப்போதுதான் அந்த மனிசன் வாய் திறந்தார். தொண்டை கிழியக் கத்தினார் என்று சுபாசிடம் பிறகு அவரே சொன்னார்.

"தள்ளச் சொன்னது நான்! கொடி காட்டினது நான்! அவள் ஒண்டும் அறியாள்… என்ரை பிள்ளையை விடு! உனக்கு ஆள் வேணுமெண்டால் நான் வாறன். உன்ரை இடத்திலை நான் நிக்கிறன்!"

சர்… சர்… நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு… டுக். டுக். டுக்.

ஓட்டோ வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன் கஜானன், அந்த ஊர்ப் பொடியன், சுபாசுக்கும் கூட்டாளி. சேட் வியர்வையில் தோய்ந்திருந்தது. பின்னால் லவீனா தாயின் மடியில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு. கண் திறந்தபடி.

"ஏனண்ணை மறிச்சனியள்?" என்றான் கஜானன்.

"ஆர் மறிச்சது?"

"நடுவிலை நிக்கிறவர். சிவப்புக் கொடி. எஞ்சின் தானா நிண்டிட்டுது. குழையை நீட்டினன்… வாங்கேல்லை. உங்கடை பக்கமாத் திரும்பி, ஏதோ கேக்கிற மாதிரித் தலையைச் சரிச்சுக்கொண்டு நிண்டார். பிறகு பச்சையைக் காட்டினார்."

"அப்ப குழை எங்கை?"

கஜானன் முன் சீற்றைத் தடவினான். கீழே பார்த்தான். "உதிலைதான் வைச்சனான்…"

"கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ!" என்று சின்னத்தங்கம் கத்தினாள். "ஏறுங்கோப்பா!"

ஏறினார். போனார்கள். ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். தாய்க்கும் சுகம், பிள்ளைக்கும் சுகம். பெண்பிள்ளை. வெளியே வாங்கில் இருந்த கனிசியஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

நேர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, பேத்தியின்ரை கையைப் பாருங்கோ. பிறந்த நேரம் தொட்டுப் பொத்தினபடி. விரிக்க விடுறாளில்லை."

கனிசியஸ் தன் சுட்டுவிரலைக் கொடுத்தார். அவருக்கு மட்டும் கை விரிந்தது.

உள்ளே ஓர் இலை. தடித்த, சின்ன இலை. நுனியில் மெல்லிய பிளவு. பூவரசு அல்ல… பாலை. இப்போதுதான் முறித்ததுபோலப் பச்சையாக, ஈரமாக, காம்பில் பால் கசிந்துகொண்டு.

"சீலையிலை ஒட்டுப்பட்டு வந்திருக்கும்," என்றாள் நேர்ஸ். சொன்னவளின் முகம் அவள் சொன்னதை நம்பவில்லை. "எண்டாலும்… பொத்தின கைக்கை எப்பிடி ஐயா?"

கனிசியஸ் இலையை வாங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கொடி பிடித்த மனிசன். அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடைசியாக வந்தவளின் கையில் குழை வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் வெறும்.

இனி இந்தப் பக்கத்தால் ஆள் போக வேண்டும். 'நான் வாறன்' என்று கத்தியவர் அவர்தானே.

அதற்குப் பிறகு அவர் அந்த வேலைக்குப் போகவில்லை. றோட்டு முடிந்து தார் போட்டாயிற்று. இப்போது இரண்டு வாகனம் விலத்தலாம். கொடியும் இல்லை, குழையும் இல்லை. கனிசியஸ் பழையபடி கடலுக்குப் போகிறார். பேத்தியைத் தூக்கி வைத்திருக்கிறார், சிரிக்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். பேத்தி வீட்டுக்கு மட்டும் அந்த றோட்டால் போகமாட்டார், வள்ளத்தில்தான் போவார்.

ஆனால் பொழுதுபட்ட பிறகு அந்த வழியால் வருகிறவர்கள் சிலர் மதகடியில் பிறேக் அடிக்கிறார்கள். ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாராம். கஜானனும் கண்டிருக்கிறான். அவன் யாருக்கும் சொல்லவில்லை, சுபாசுக்கு மட்டும் சொன்னான்.

"மச்சான், இப்ப நிக்கிறவருக்குத் துவாய் இல்லை. கழுத்திலை சிலுவைச் செயின். வடிவாப் பாத்தனான்… உன்ரை மாமா."

சுபாஸ் அடுத்தநாட் காலமை குருநகருக்கு ஓடினான். மாமா குறட்டை விட்டுப் படுத்திருந்தார். மாமி தும்புக்கட்டையோடு வந்து, அவரை எழுப்பாமல் பாயைச் சுற்றிக் கூட்டத் தொடங்கினாள். கடற்கரை வீடு. வெள்ளை மணல்தான் வரவேண்டும். அவள் கூட்டிக் குவித்தது சிவத்த கிரவல். மாமாவின் இரண்டு உள்ளங்காலிலும் அதே கிரவல், ஈரமாக ஒட்டியிருந்தது.

"ராவிலை எங்கையேன் எழும்பிப் போறவரோ மாமி?"

சின்னத்தங்கம் நிமிரவில்லை.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன் தம்பி. மூண்டு ராத்திரி நித்திரை கொள்ளாமல் பக்கத்திலை இருந்து பாத்தன்… மனிசன் அசையவேயில்லை."