பின்குளத்துக் குழாய்

டெய்லர்: ...அங்க இல்ல, இங்கதான்னு அடிச்சுச் சொல்றீங்க. மேப்ல வேலியோரம்னுல்ல போட்டிருக்கு?

டிரைவர்: மேப் போட்டவர் வெயில்ல வந்து நின்னா போட்டிருப்பார்? நாலடி தள்ளி, அக்கா. அந்த நாணல் புதருக்குக் கீழ.

டெய்லர்: ஆறு மணியில இருந்து மூணு குழி வெட்டியாச்சு. நான் ஒரு பக்கம் நிக்கிறேன், என் இடுப்பு ஒரு பக்கம் நிக்குது.

டிரைவர்: நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்.

டெய்லர்: நல்லா சொன்னீங்க. இந்தக் குழியில உக்காந்தா எந்திரிக்க கிரேன் வரணும். நீங்க வெட்டுங்க, நான் வாரிப் போடுறேன். மணி என்ன?

டிரைவர்: எட்டே முக்கால்.

டெய்லர்: பத்து மணிக்கு ஆபீசர் வந்துடுவார். அதுக்குள்ள குழாய் கண்ணுல படலைன்னா முடிஞ்சது. "முன்குளத்துல இருந்து இங்க தண்ணி வந்த வழியே கிடையாது, இது வெறும் மேடு"ன்னு கம்பெனிக்காரங்க சொல்றதை அப்படியே எழுதிக்கிட்டுப் போயிடுவார். அப்புறம் அவங்க பார்க்கிங் போட்டு, பின்குளம் இருந்த இடத்துல கார் நிக்கும்.

டிரைவர்: நிக்காது.

டெய்லர்: அதெப்படி நிக்காது?

டிரைவர்: ...அந்தக் கடப்பாரையை எடுங்க. கல்லு தட்டுது.

டெய்லர்: குழாயா?

டிரைவர்: இல்ல. செங்கல்... சிமெண்ட் கட்டி... இது டைல்ஸ்.

டெய்லர்: அட, நீலக் கலர்! பூ வேற போட்டிருக்கு. யார் வீட்டு பாத்ரூமோ, நம்ம குளத்துல வந்து படுத்திருக்கு.

டிரைவர்: வீடு இல்லக்கா, ஹோட்டல். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒண்ணை இடிச்சாங்களே...

டெய்லர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

டிரைவர்: ...பாத்தா தெரியாதா. ஹோட்டல்லதான் இப்படிப் பூப் போட்டு ஒட்டுவாங்க.

டெய்லர்: ஓ.

டிரைவர்: என்ன ஓ?

டெய்லர்: ஒண்ணுமில்ல. வெட்டுங்க. அதோ டாக்டர் ஓடி வர்றாங்க பாருங்க. அவங்க ஓடி வந்தாலே ஏதோ கெட்ட சேதிதான்.

பல் டாக்டர்: கிடைச்சுதா? கிடைச்சுதா?

டெய்லர்: கல்லுதான் கிடைச்சிருக்கு. பல்லு பிடுங்குற குறடு இருந்தா கொண்டாங்க, இதையும் பிடுங்கிடலாம்.

பல் டாக்டர்: விளையாடாதீங்க. ஆபீசர் கிளம்பிட்டாராம். ஒன்பதரைக்கே வந்துடுவார். அதுவும் யார் காருல? கம்பெனி மேனேஜர் காருல!

டெய்லர்: அடப்பாவிகளா.

பல் டாக்டர்: போன்ல அந்த லாரி போட்டோவைப் பத்திக் கேட்டேன். கட்டடக் குப்பை கொட்டினதுக்குச் சாட்சியா அது ஒண்ணுதானே நம்மகிட்ட இருக்கு. "லாரி எங்களோடதுதான். ஆனா கொட்டினது டிரைவர் செஞ்ச தப்பு. அவனை அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிட்டோம்"னு மேனேஜர் எழுதியே கொடுத்துட்டானாம்.

டெய்லர்: அப்போ அந்த டிரைவர் வந்து சொன்னா?

பல் டாக்டர்: அந்த ஆள் எங்க இருக்கானோ! அவன் எதுக்கு வந்து நமக்காகச் சாட்சி சொல்லப் போறான்? வேலை போன கோபத்துல நம்ம மேல கல்லு விடாம இருந்தா சரி.

பல் டாக்டர்: என்ன, இவர் பேச்சு மூச்சே இல்ல?

டெய்லர்: வெட்டுறவங்க பேச மாட்டாங்க. நீங்க பார்க் கேட்டுக்குப் போங்க. அவங்களை நேரா இங்க கூட்டிட்டு வராதீங்க. முன்குளத்தைச் சுத்திக் கூட்டிட்டு வாங்க.

பல் டாக்டர்: முக்குளிப்பான் பறவையைக் காட்டுறேன். அது முங்கினா எங்க எந்திரிக்கும்னு பாத்துக்கிட்டே பத்து நிமிஷம் ஓட்டிடலாம்.

டெய்லர்: இருபது ஓட்டுங்க. வாயைத் திறங்க, மூடுங்கன்னு ஊரையே உக்கார வைக்கிறவங்க நீங்க. ஒரு ஆபீசரை நிக்க வைக்க முடியாதா?

பல் டாக்டர்: பாக்குறேன், பாக்குறேன்... வெட்டுங்க!

டிரைவர்: போயிட்டாங்களா?

டெய்லர்: போயிட்டாங்க.

டிரைவர்: அக்கா... ஒரு விஷயம்.

டெய்லர்: வெட்டிக்கிட்டே சொல்லுங்க. நேரமில்ல.

டிரைவர்: அந்த லாரி... அதை ஓட்டினது நான்தான்.

டெய்லர்: ம்.

டிரைவர்: என்னக்கா, வெறும் ம்ங்கிறீங்க?

டெய்லர்: தெரியும்னு அர்த்தம்.

டிரைவர்: தெரியுமா! எப்போல இருந்து?

டெய்லர்: எட்டு மாசமா. நீங்க முதல் ஞாயித்துக்கிழமை வந்து, "ஸ்கூல் வேன் ஓட்டுறேன், நானும் சேந்துக்கலாமா?"ன்னு கேட்டீங்களே, அன்னிக்கே.

டிரைவர்: யார்கிட்டயும் சொல்லலையா?

டெய்லர்: சொல்லி? தொடை வரைக்கும் தண்ணியில இறங்கி, ஆகாயத்தாமரையை அத்தனை பேரையும் விட அதிகமா இழுத்துப் போட்ட ஆளைப் போய், இவர்தான் அவர்னு சொல்லச் சொல்றீங்களா? மண்வெட்டி நின்னுபோச்சு பாருங்க.

டிரைவர்: நான் தெரியாம கொட்டலக்கா. அதைச் சொல்லிடணும். முதல் நாள் மட்டும் தெரியாது. வெறும் பள்ளம்னு நினைச்சேன். ரெண்டாவது நாள் விடிகாலைல மேனேஜரே கூட வந்தார். இறங்கி நின்னு, "குழாய் வாய் அங்க இருக்கு, அது மேலயே கொட்டு. தண்ணி நின்னா ஒரே வருஷத்துல குளம் தானா காஞ்சிடும்"னார்.

டெய்லர்: அவர் வாயாலயே?

டிரைவர்: கையைக் காட்டியே சொன்னார். அதுக்கப்புறமும் இருபது லோடு கொட்டினேன். வண்டியைப் பின்னால எடுக்கிறப்போ ஒரு தாழைக்கோழி... குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு நாணல்ல இருந்து நாணலுக்குப் போகும். அது போற வரைக்கும் நிறுத்தி வெச்சிருந்துட்டு, அப்புறம் கொட்டுவேன். பெரிய புண்ணியவான் பாருங்க!

டெய்லர்: விடுங்க.

டிரைவர்: கடைசி வாரம் அதைக் காணலக்கா.

டெய்லர்: ...கொஞ்சம் தண்ணி குடிங்க.

டிரைவர்: வேணாம். இன்னும் ஒரு அடி. நான் கொட்டினது எனக்குத் தெரியாதா.

டெய்லர்: அப்போ இதை ஏன் முன்னாடியே சொல்லல? எட்டு மாசமா நீங்க வந்துக்கிட்டிருந்தும், தண்ணியில்லாம பின்குளம் வெடிச்சு வெடிச்சுக் கிடந்துதே.

டிரைவர்: பயம்தான். குழாய் எங்க இருக்குன்னு சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பீங்க. ஸ்கூல்ல தெரிஞ்சா வேனும் போயிடும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிடணும்னு வருவேன். ரெண்டு கட்டு களையைப் பிடுங்கிட்டு, வாயை மூடிக்கிட்டுப் போயிடுவேன்.

டெய்லர்: இன்னிக்கு மட்டும்?

டிரைவர்: நேத்து வீட்டுல என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ என்னைத் திட்டவே இல்ல. "நாளைக்கு ஆபீசர் முன்னாடி வாயைத் திறக்கலைன்னா, இனிமே அந்தப் பார்க்குக்குப் போகவும் போகாத"ன்னு மட்டும் சொன்னா.

டெய்லர்: கெட்டிக்காரி.

டிரைவர்: ஆபீசர் முன்னாடி சொல்லணும்னா, குழாயை வெச்சுக்கிட்டுச் சொன்னாத்தானே... ஷ்ஷ்!

டெய்லர்: என்ன?

டிரைவர்: சத்தம் கேட்டீங்களா? கடப்பாரை உள்ள பொக்குன்னு போகுது. இது கல்லு இல்ல.

டெய்லர்: தள்ளுங்க, தள்ளுங்க, நான் பாக்குறேன்... வளைவா இருக்கு! சிமெண்ட் விளிம்பு!

டிரைவர்: கையை வைக்காதீங்க. அந்தப் பெரிய கட்டி ஒண்ணுதான் அடைச்சிருக்கு. நெம்பிப் பாக்குறேன். நீங்க ஓரமா... ஏய்... வா... வந்துடு...

டெய்லர்: வந்துடுச்சு! ஆனா தண்ணி எங்க? வெறும் கறுப்புச் சேறுல்ல வருது?

டிரைவர்: இருங்கக்கா. ரெண்டு வருஷமா அடைஞ்சு கிடந்தது. கொஞ்சம் பொறுங்க.

டெய்லர்: ...

டிரைவர்: ...

டெய்லர்: அய்யோ, என் பூட்ஸுக்குள்ள! பூட்ஸுக்குள்ள வருது!

டிரைவர்: நகருங்களேன்!

டெய்லர்: நகர மாட்டேன் போங்க. என்ன சில்லுனு இருக்கு!

டிரைவர்: மேடாம்ல மேடு. வந்து பாக்கட்டும்.

டெய்லர்: இருங்க, முதல்ல முகத்தைத் துடைங்க. அழறீங்களா, சேறா?

டிரைவர்: சேறுதான்.

டெய்லர்: சரி, சேறுதான். அதோ, பாலத்துல வர்றாங்க. டாக்டர் கையை ஆட்டுறாங்க. பக்கத்துல வெள்ளைச் சட்டை, அதான் ஆபீசரா?

டிரைவர்: நீலச் சட்டைதான் ஆபீசரா இருக்கும். வெள்ளை மேனேஜர். அவர் என்னைப் பாத்துட்டார். நடை நின்னுபோச்சு பாருங்க.

டெய்லர்: நிக்கட்டும். நீங்க நிமிந்து நில்லுங்க... ஆனா அவங்க வர்றதுக்குள்ள நானும் ஒண்ணு சொல்லிடணும். நீங்க இவ்வளவு சொன்னதுக்கப்புறம் நான் மறைச்சா நல்லா இருக்காது.

டிரைவர்: சொல்லுங்க.

டெய்லர்: வாரா வாரம் உங்களுக்குன்னு தனியா டீ கொண்டு வருவேனே, அது பாசம் இல்ல. மனசு உறுத்தல்.

டிரைவர்: டீ நல்லாத்தான் இருந்தது.

டெய்லர்: குறுக்கப் பேசாதீங்க. அந்த லாரி போட்டோ... பேர் போடாம அனுப்பினது நான்தான். நடக்கப் போன நேரத்துல போன்ல எடுத்தேன். கம்பெனி மாட்டும்னு நினைச்சேன், உங்க வேலை போகும்னு நினைக்கவே இல்ல. எடுத்துக்கிட்டு இருக்கிறப்பவே நீங்க வண்டியை நிறுத்திட்டுக் கீழ இறங்கினீங்க. என்னைப் பாத்துட்டீங்க, பிடிக்க வர்றீங்கன்னு பயந்து, புதருக்குள்ள ஒளிஞ்சு, செருப்பைக்கூட விட்டுட்டு ஓடினேன்.

டிரைவர்: கண்ணாடியில உங்களைப் பாத்தது நிஜம்தான். ஆனா பிடிக்க இறங்கலக்கா... நம்பர் பிளேட் முழுக்கச் சேறு அப்பியிருந்தது, போட்டோவுல நம்பர் விழட்டும்னு அதைத் துடைச்சு விடத்தான் இறங்கினேன்.